கண்ணாடி அனிமனியை அதன் இயற்கை எதிரியைக் கொண்டு அடக்குவது: வன்னி வீட்டுக் கடல்நீர்த் தொட்டிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கிளிநொச்சியில் என் வீட்டு முன்னறையில் 240 லீற்றர் கடல்நீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. ஒருநாள் பின்பக்கக் கல்லில், தண்ணீரோடு தண்ணீராக அசைந்துகொண்டிருந்த பழுப்பு நிறப் பூ ஒன்றைக் கண்டேன். அழகாக இருந்தது, விட்டுவிட்டேன். அது என்னவென்று தெரிந்த பிறகு சாமணத்தால் பிடுங்கினேன். ஆறு கிழமையில் அதே கல்லில் பதினேழு எண்ணினேன். பூப் போலத் தெரிந்தாலும் கொட்டும் கடல் விலங்கான ஐப்டேசியா என்ற கண்ணாடி அனிமனியோடு மல்லுக்கட்டும் எல்லோருக்கும் ஏறக்குறைய இதே கதைதான் நடக்கிறது. பிடுங்கினால் பெருகும் உயிரைப் பிடுங்கி ஒழிக்க முடியாது. அதைத் தின்னும் உயிரைத் தொட்டிக்குள் கொண்டுவருவதுதான் நின்று பலன் தரும் வழி.

ஒன்றைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். இப்படித் தின்னும் உயிர், அதாவது இரைகௌவி, மருந்துப் போத்தல் மாதிரி அல்ல. அது பசிக்கும், ஒளிக்கும், பயப்படும், சாகும். அது வருவதற்கு முன் தொட்டியில் என்ன செய்தீர்கள், அதன் இரை தீர்ந்த பிறகு அதற்கு என்ன வழி வைத்திருக்கிறீர்கள் என்ற இரண்டும்தான் முடிவைத் தீர்மானிக்கின்றன. எந்த உயிரை வாங்குவது என்ற கேள்வி அதற்குப் பிறகுதான்.

முதலில் ஆளைச் சரியாக அடையாளம் காணுங்கள்

கண்ணாடி அனிமனிக்கு நீண்டு மெலிந்த தண்டு, நுனி கூரான மெல்லிய உணர்கொம்புகள், பழுப்போ வெளிர்மஞ்சளோ ஆன, கண்ணாடி போல ஊடு தெரியும் உடல். விரலைக் கிட்டக் கொண்டுபோனால் சட்டென்று ஓட்டைக்குள் சுருங்கிவிடும். அறிவியல் பெயர் எக்சைப்டேசியா டயாபானா. பவளங்களைப் போலவே இதன் உடலுக்குள்ளும் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. வளர்ப்பதற்கு இவ்வளவு இலகுவாக இருப்பதால் பவளம் வெளிறுவதை ஆராய்கிறவர்கள் ஆய்வுகூடங்களில் இதைத்தான் வளர்க்கிறார்கள். நாங்கள் ஒழிக்க நினைக்கும் உயிர் எவ்வளவு உறுதியானது என்பதற்கு அதுவே சாட்சி.

இதன் அடிப்பாதம் நகரும்போது சின்னஞ்சிறு துண்டுகளைப் பின்னால் விட்டுப்போகும். ஒவ்வொரு துண்டும் தனி அனிமனியாக வளரும். துணை தேவையில்லை. கத்தியால் சுரண்டினாலும் தூரிகையால் தேய்த்தாலும் நீங்களே நாற்று நட்டுக் கொடுத்தது மாதிரி ஆகிவிடும்.

இன்னொரு வகை மஜானோ அனிமனி. தண்டு குட்டை, உணர்கொம்புகளின் நுனி குமிழ் போல உருண்டிருக்கும், பச்சையோ இளஞ்சிவப்போ கலந்த நிறம், கூட்டமாக ஒட்டிக்கொண்டு வளரும். இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளாமல் காசைக் கொட்டியவர்கள் பலர். ஏனென்றால் ஐப்டேசியாவை மட்டும் தின்னும் உயிர் மஜானோவைத் திரும்பியும் பார்க்காது. விசிறி போல விரியும் குழாய்ப்புழுவையும் அனிமனி என்று நினைத்துக் கொன்றுவிட வேண்டாம். அது தனக்கென்று ஒரு குழாய் கட்டி வாழும், கண்ணிமைக்கும் நேரத்தில் அதற்குள் போய்விடும், ஒருவருக்கும் தீங்கு செய்யாது.

அடையாளம் கண்டதும் எண்ணுங்கள். முன்கண்ணாடியின் அளவுக்கு ஒரு தாளில் கற்களின் உருவைக் கீறி, ஒவ்வொரு அனிமனிக்கும் ஒரு புள்ளி வையுங்கள். விரல்நகத்தை விடப் பெரியதற்குப் பெரிய புள்ளி. நான்கு கிழமை கழித்து வேலை நடக்கிறதா இல்லையா என்று மனம் குழம்பும்போது இந்தத் தாள்தான் உண்மை சொல்லும்.

இரை குறையட்டும், தண்ணீர் நிலைக்கட்டும்

அனிமனி பெருகும் தொட்டியில் அநேகமாக மீனுக்குத் தீனி கூடுகிறது. உறைந்த இறாலைப் போடுகிறவர்கள் அதைக் கரையவிட்டு, வலையில் அலசி, சாறு போனபின் போடுங்கள். இரண்டு நிமிடத்தில் மீன் தின்று முடிக்கும் அளவு போதும். இதனால் அனிமனி சாகாது, ஆனால் பெருகும் வேகம் குறையும். அனிமனியைத் தின்ன இறாலை விடப்போகிறீர்கள் என்றால் அதற்குப் பசி இருக்கவும் வேண்டும்.

அடுத்தது தண்ணீர். இந்த இடத்தில் வன்னிக்கென்றே சில சங்கடங்கள் உண்டு, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கடற்கரைக்குக் கிட்ட இருப்பவர்கள் கான்களில் கடல்தண்ணீர் எடுத்து வந்து பாவிப்பது வழக்கம். நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் போன்ற களப்புகளில் எடுக்காதீர்கள். களப்பின் உப்பு மாரியில் ஒன்று, கோடையில் வேறொன்று. திறந்த கடலில் எடுத்தாலும் மாரி காலத்தில் அளந்து பார்க்காமல் ஊற்றக்கூடாது. இரணைமடுக் குளம் வான் பாய்ந்தால் அந்தத் தண்ணீர் கனகராயன் ஆற்றால் சுண்டிக்குளம் பக்கம்தான் போய்ச் சேர்கிறது. அந்த நாட்களில் அண்டிய கரையில் எடுக்கும் தண்ணீரில் உப்பு குறைந்திருக்கும். ஒப்படர்த்தி (நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.026, அதாவது ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு இருக்க வேண்டும். மீன் கொஞ்சம் ஏற்ற இறக்கத்தைத் தாங்கும். அனிமனியைத் தின்ன நீங்கள் விடப்போகும் இறாலும் ஓடில்லாக் கடல் நத்தையும் தாங்காது.

கோடையில் சோளகக் காற்று அடிக்கும்போது தொட்டித் தண்ணீர் வற்றும் வேகம் பயங்கரமானது. வற்றுவது தண்ணீர் மட்டும், உப்பு அப்படியே நிற்கும். ஆகவே குறையை உப்பில்லாத தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும். எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் கனமான தண்ணீர், தோட்டக் கிணறுகளில் உரத்தின் நைத்திரேற்றும் சேரும். அதை ஊற்றினால் பாசிக்கும் அனிமனிக்கும் பசளை போட்டதாகிவிடும். ஊர்களில் இப்போது குடிக்க விற்கும் ஆர்ஓ தண்ணீரை வாங்குங்கள். செலவுதான், ஆனாலும் இந்த இடத்தில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

சூட்டுக்கு, தண்ணீர்ப் பரப்பின் மேல் ஒரு சிறிய மின்விசிறியைத் திருப்பி விட்டால் இரண்டு மூன்று பாகை இறங்கும். 27 பாகை செல்சியசைச் சுற்றி வைத்திருக்கப் பாருங்கள். கரண்ட் போனால் ஓட பற்றரியில் இயங்கும் காற்றுப் பம்ப் ஒன்றும் வேண்டும்.

இதையெல்லாம் குறைந்தது இரண்டு கிழமை ஒரே சீராக வைத்திருக்க முடிந்த பிறகே இரைகௌவியைத் தேடுங்கள். இன்னொன்று, தொட்டியில் எப்போதாவது செப்பு கலந்த மீன் மருந்து போட்டதுண்டா என்று யோசியுங்கள். செப்பு கல்லில் ஊறி, மெல்ல மெல்லக் கசியும். இறாலுக்கும் நத்தைக்கும் அது நஞ்சு.

பெரியவற்றை முன்கூட்டியே கொல்லுங்கள்

எந்த இரைகௌவிக்கும் சின்ன அனிமனி இலகு. இரண்டரை சென்ரிமீற்றரைத் தாண்டியதைப் பெப்பர்மின்ட் இறால் பெரும்பாலும் தொடாது, அதன் கொட்டு அவ்வளவு வலியது. ஆகவே தாளில் பெரிய புள்ளி வைத்தவற்றை நீங்களே முடிக்க வேண்டும்.

அதற்குச் சுண்ணாம்பு போதும். தூய கல்சியம் ஐதரொட்சைட்டை ஆர்ஓ தண்ணீரில் பற்பசைப் பதத்துக்குக் குழையுங்கள். வெற்றிலைக்குப் பூசும் சுண்ணாம்பும் அடிப்படையில் இதே பொருள்தான், ஆனால் நிறமோ வாசமோ கலந்ததாக இருக்கலாம், அதைப் பாவிக்காதீர்கள். பம்புகளை நிறுத்தி, ஊசியில்லாத சிரிஞ்சால் அனிமனியின் வாயில் மெதுவாக வையுங்கள், அதுவே விழுங்கும். சுருங்கியதும் அதன் மேலே மூடிவிடுங்கள். அரைமணி நேரம் கழித்துப் பம்பைப் போடலாம். சுண்ணாம்பு தண்ணீரின் பிஎச் அளவைக் கூட்டிவிடும். என் அளவுத் தொட்டியில் ஒருநாளைக்கு மூன்று நான்குக்கு மேல் வேண்டாம். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

கல்லை வெளியே எடுத்து அவித்துவிடலாம் என்று சிலர் சொல்வதுண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். கல்லில் சோவாந்திட் எனும் பொத்தான் பூக்கள் (பூப் போலத் தெரியும், பவளத்துக்கு உறவான உயிர்கள்) இருந்தால், அவற்றில் சில இனங்களில் பாலிட்டொக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. கொதிக்கும் ஆவியோடு அது வீட்டுக்குள் பரவி முழுக் குடும்பத்தையும் வைத்தியசாலைக்கு அனுப்பிவிடும்.

சுண்ணாம்பு வைத்து முடிந்தபின் மூன்று நான்கு நாள் விட்டு, அதற்குப் பிறகு இரைகௌவியை விடுங்கள்.

உங்கள் தொட்டிக்கு எது பொருந்தும்

*பெப்பர்மின்ட் இறால்.* பெரும்பாலானவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். லிஸ்மட்டா பேரினத்தில் அத்திலாந்திக் பக்கத்தைச் சேர்ந்த சில வகைகள் இந்தப் பெயரில் விற்கப்படுகின்றன. ஊடு தெரியும் உடலில் தலையிலிருந்து வால்வரை மெல்லிய சிவப்புக் கோடுகள். 40 லீற்றருக்கு ஒன்று என்ற கணக்கில், குறைந்தது மூன்றாக விடுங்கள். இரவில்தான் வேலை செய்யும். எங்கள் கடலில் பிடிபட்டு ஏற்றுமதியாகும் சிவப்பு இறாலும், முதுகில் வெள்ளைக்கோடு போட்ட துப்புரவு இறாலும் இதே லிஸ்மட்டா பேரினம்தான். ஆனால் அனிமனி விடயத்தில் அவற்றை நம்ப முடியாது.

இதில் நான் பட்ட அடியைச் சொல்ல வேண்டும். கொழும்பில் ஒரு கடையில் பெப்பர்மின்ட் என்று சொல்லி நான்கு இறால் தந்தார்கள். இரவு பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். பத்து நாளில் என் பொத்தான் பூக்களில் பாதியைக் காணவில்லை, அனிமனி ஒன்றும் குறையவில்லை. அவை ஒட்டக இறால்கள். இந்து சமுத்திரத்தில் பரவலாக இருக்கும் இனம். எப்படிப் பிரித்தறிவது? ஒட்டக இறாலின் முதுகு கூன் போட்டிருக்கும், கண் பெரிது, சிவப்பின் மேல் வெள்ளைக் கோடும் புள்ளியும் பளிச்சென்று தெரியும், மூக்கு முள் மேலும் கீழும் அசையும். பெப்பர்மின்டின் மூக்கு முள் அசையாது, நிறமும் மங்கல். கடைக்காரர் சொல்லும் பெயரைக் கேட்காமல் மூக்கைப் பாருங்கள்.

*பெர்கியா.* இது ஓடில்லாத சின்னக் கடல் நத்தை. எங்கள் பக்கம் பூநகரி, மன்னார் என்று வளர்க்கும் கடலட்டையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், அது முற்றிலும் வேறு உயிர். பெர்கியா ஸ்டெபனியே என்பது இதன் பெயர், புளோரிடாக் கடலைச் சேர்ந்தது. இரண்டு சென்ரிமீற்றர் அளவு. முதுகெல்லாம் மயிர் போல நீட்சிகள். இது கண்ணாடி அனிமனியைத் தவிர வேறெதையும் தின்னாது. அதுதான் இதன் பெருமை, அதுதான் இதன் பலவீனமும். தின்ற அனிமனியின் கொட்டும் கலங்களைத் தன் முதுகு நீட்சிகளில் சேமித்துத் தனக்கே ஆயுதமாக்கிக்கொள்ளும். எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் வியப்புத்தான்.

பவளமும் பூக்களும் நிறைந்த தொட்டிக்கு இதைவிடச் சாதுவான எதிரி இல்லை. ஆனால் பெப்பர்மின்ட் இறால், நண்டு, பல வகை ராஸ் (wrasse) மீன்கள் எல்லாம் இதைத் தின்றுவிடும். ஆகவே இறாலையும் பெர்கியாவையும் ஒன்றாக விடக்கூடாது. என் அளவுத் தொட்டிக்குப் பத்தாவது வேண்டும். பொறுமையும் வேண்டும், பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் போகும். இது தொட்டிகளில் இனப்பெருக்கம் செய்து விற்கப்படும் உயிர். வெளிநாட்டிலிருந்து யாரும் பையில் போட்டுக்கொண்டு வர நினைத்தால், உயிரினங்களைக் கொண்டுவர அனுமதி எடுக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள்.

*கொப்பர்பாண்ட் வண்ணத்துப்பூச்சி மீன்.* நீண்ட மூக்கு, செம்பு நிறப் பட்டைகள். ஓட்டைக்குள் இருக்கும் அனிமனியையும் கொத்தி எடுக்கும். 450 லீற்றருக்குக் குறைந்த தொட்டியில் வைப்பது அதற்குச் செய்யும் கொடுமை. வாங்கிய பல மீன்கள் ஒன்றும் தின்னாமல் பட்டினியில் சாகின்றன. கடையில் உங்கள் கண்முன்னே தீனி போடச் சொல்லுங்கள், தின்னாவிட்டால் வாங்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் மட்டியைப் பிளந்து ஓட்டோடு வையுங்கள். கடலில் ஓடுகளுக்குள் கொத்திப் பழகிய மூக்கு, மட்டியைக் கண்டால் பெரும்பாலும் இளகும். மட்டியை இரண்டு மூன்று நாள் உறையவைத்த பின்பே கொடுங்கள். குழாய்ப்புழுக்களை இது விட்டுவைக்காது.

*ரக்கூன் வண்ணத்துப்பூச்சி மீன்.* எங்கள் தீவைச் சுற்றியுள்ள பாறைகளிலும் வாழ்வது. அனிமனி தின்பதில் கொப்பர்பாண்டை விடக் கெட்டிக்காரன், தீனிக்கும் பிடிவாதம் குறைவு. ஆனால் பூக்களையும் பவளங்களையும் சேர்த்தே மேய்ந்துவிடும். மீன் மட்டும் வளர்க்கும் பெரிய தொட்டிக்கு இதுவே என் முதல் தெரிவு.

*ஐப்டேசியா தின்னும் கிளாத்தி.* எக்ரெய்க்திஸ் டொமென்டோசஸ். பத்துப் பன்னிரண்டு சென்ரிமீற்றருக்கு மேல் போகாது, பாசி படிந்த கல் மாதிரி நிறம் மாற்றி ஒளித்திருக்கும். மஜானோ இருப்பவர்கள் முதலில் முயன்று பார்க்க வேண்டியது இதைத்தான். சில மீன்கள் பூக்களையும் கொத்தும், அதை விட்டுப் பார்த்தால்தான் தெரியும். வலையில் வரும் பெரிய கிளாத்தியைக் கொண்டுவந்து விடலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். வேண்டாம். அதன் பல் நத்தை, இறால், நண்டு எல்லாவற்றையும் உடைத்து முடித்துவிடும்.

கொண்டுவருவதும் விடுவதும்

கொழும்பிலிருந்து வன்னிக்குப் பகலில் கொண்டுவர வேண்டாம். இரவுப் பயணம், றெஜிபோம் பெட்டி, ஒட்சிசன் அடைத்த பை. பெட்டிக்குள் ஐஸ் போடுகிறவர்கள் அதைப் பையில் நேராகத் தொடவிடாமல் தாளில் சுற்றி வையுங்கள்.

வந்து சேர்ந்ததும் அறை விளக்கை மங்க வைத்துப் பையைத் தொட்டியில் அரைமணி நேரம் மிதக்க விடுங்கள். பிறகு ஒரு வாளிக்கு மாற்றி, காற்றுக் குழாயில் முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். இறாலுக்கு இரண்டு மணிநேரம். அவசரப்பட்டால் அடுத்த தோல் கழற்றலில் செத்துப்போகும். வாளித் தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்றாதீர்கள்.

மீன் என்றால் நான்கு கிழமை தனித் தொட்டியில் வைத்து, வெள்ளைப்புள்ளி நோய் இல்லை என்று கண்டபின் விடுங்கள். அனிமனி தொல்லையைத் தீர்க்கப்போய் நோயை வாங்கி எல்லா மீனையும் பறிகொடுத்த வீடுகளை நான் அறிவேன்.

பம்புகள் தண்ணீர் இழுக்கும் வாய்களைப் பஞ்சுறையால் மூடுங்கள். பெர்கியாவை விடும்போது விளக்கை அணைத்து, குழாயால் உறிஞ்சி எடுத்து, அனிமனி இருக்கும் கல்லுக்குப் பக்கத்திலேயே இறக்கிவிடுங்கள். தண்ணீரின் மேலே கொட்டினால் கல்லில் இறங்கும் முன் மீனின் வாய்க்குப் போய்விடும்.

காத்திருக்கும் காலம்

விட்ட மறுநாளே இறாலைக் காணவில்லை என்று கல்லைப் புரட்டாதீர்கள். அது ஒளித்திருக்கிறது. வெறும் கோது மிதந்தால் செத்துவிட்டது என்று முடிவு கட்டவும் வேண்டாம், தோல் கழற்றியிருக்கும். இரவு பத்து மணிக்குப் பிறகு ரோச் லைற்றின் முகத்தில் சிவப்புத் தாள் ஒட்டி அடித்துப் பாருங்கள். சிவப்பு வெளிச்சம் அவற்றை அவ்வளவாகக் கலைக்காது.

சனிக்கிழமைகளில் தாளை எடுத்து எண்ணுங்கள். இறாலுக்கு நான்கு கிழமை கொடுங்கள். அதற்குள் சின்னப் புள்ளிகள் குறையவில்லை என்றால் மீன் தீனி இன்னும் கூடுதலாக இருக்கிறது. அதைக் குறைத்து மேலும் இரண்டு கிழமை பாருங்கள். எனக்கு, சரியான இறால் கிடைத்தபின், ஐந்தாம் கிழமையில்தான் எண்ணிக்கை இறங்கத் தொடங்கியது. பெர்கியா விட்டவர்கள் கண்ணாடியில் வெள்ளை நூல்ச்சுருள் போல ஒன்றைக் கண்டால் துடைக்காதீர்கள், அது முட்டை. பத்துப் பதினான்கு நாளில் பொரிக்கும். அந்தக் குஞ்சுகள்தான் நீங்கள் காணாத ஓட்டைகளுக்குள் இருக்கும் அனிமனிகளை முடிக்கும்.

பம்பின் உள்ளேயும் வழிந்தோடும் குழாயிலும் ஒட்டிய அனிமனியை எந்த இரைகௌவியும் தேடிப் போகாது. அந்தப் பாகங்களைக் கழற்றி வினாகிரி கலந்த தண்ணீரில் ஒரு மணிநேரம் ஊறப்போட்டுக் கழுவுங்கள். இதை விட்டுவிட்டதால் மூன்று மாத உழைப்பு வீணான தொட்டிகள் உண்டு.

இரை தீர்ந்த பிறகு

இறாலுக்கு இரவில் ஒரு துண்டு மட்டியோ உறைந்த இறாலோ போதும், பசி மிஞ்சினால் பூக்களில் கைவைக்கும். வண்ணத்துப்பூச்சி மீனுக்கு அனிமனி இருக்கும்போதே வேறு தீனி பழக்கியிருக்க வேண்டும், தீர்ந்தபின் பழக்க நேரம் கிடைக்காது.

எதையும் கடலிலோ களப்பிலோ கொண்டுபோய் விடாதீர்கள். வெளிநாட்டு உயிர் ஒன்று எங்கள் நீரில் இறங்கினால் என்னவாகும் என்று வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா இன்று எங்கள் குளங்களிலெல்லாம் இருக்கிறது. அதைச் சாப்பிட்டுப் பிழைக்கிறோம் என்பது வேறு. நந்திக்கடலில் பெர்கியாவோ அத்திலாந்திக் இறாலோ இறங்கினால் திரும்பப் பிடிக்க ஒருவராலும் முடியாது. அதே போல, தொட்டிக்கென்று கடலில் பவளத்தை உடைத்து எடுப்பதும் சட்டப்படி குற்றம்.

பெர்கியாவை என்ன செய்வது? கடைசி அனிமனி போன ஒரு கிழமைக்குள் அவற்றைப் பிடித்து, தொல்லை இருக்கும் இன்னொரு தொட்டிக்குக் கொடுத்துவிடுங்கள். அப்படி ஒருவரும் இல்லையென்றால் இரண்டு லீற்றர் கண்ணாடிப் போத்தல் ஒன்றில் தொட்டித் தண்ணீரை நிரப்பி, யன்னலோரம் நேர்வெயில் படாத இடத்தில் வைத்து, ஐப்டேசியா ஒட்டிய ஒரு சிறு கல்லைப் போடுங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை பாதித் தண்ணீரை மாற்றுங்கள். தொட்டியில் ஒழித்த அனிமனியைப் போத்தலில் வேண்டுமென்றே வளர்ப்பது முதலில் மனதுக்கு ஒப்பாது. ஆனால் அடுத்த ஊரில் ஒருவருக்குப் பெர்கியா தேவைப்படும்போது, அவர் கொழும்பு வரை போகாமல் உங்கள் வீட்டுக்கு ஒரு போத்தலோடு வந்தால் போதும்.